டீக்கறை படிந்த படகு

போன மாசம் என் அக்கா மகள் வீட்டுக்காரர் தடாவிலிருந்து ஒரு மினி லாரியில் கடைக்கு வந்து இறங்கினார். லாரியில் ஆறு குஷன். ஒரு சாக்கில் கீல், கொக்கி, கயிறு கட்டும் கொண்டி. கூடவே கைப்பிடியாக இருந்து கழற்றிய வளைந்த எஸ்.எஸ். பைப் ஒன்று. பழவேற்காட்டு ஏரியில் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகும் ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறார்.

"மாமா, சீட்டு எல்லாத்தையும் மாத்திடுங்க. பைப்பை எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். படகுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை.

திருப்பதியில் கார் சீட், ஆட்டோ சீட் தைக்கிற கடை எனக்கு. ஆறு குஷனுக்கும் புது ரெக்சின் போட்டால் லாபம் என் கல்லாவுக்குத்தான். ஆனால் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: ஐந்து குஷன் நன்றாகத்தான் இருக்கிறது. அழுக்கால் வந்த கேடு கொஞ்சம். அழுக்கைப் போக்கப் போய் வந்த கேடுதான் அதிகம். "முதல்ல டீ சாப்பிடுவோம் மாப்ளே" என்று இரண்டு டீ சொன்னேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். படகு இல்லாதவர்களும் படிக்கலாம். பைக் சீட்டும் பால்கனி கம்பியும் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே.

முதலில் இடத்தைப் பற்றி. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது, நெல்லூரில் இருந்த தடாவும் சூளூர்ப்பேட்டையும் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. அதோடு பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரப் பகுதியும் வந்துவிட்டது. அதுவரை எங்களுக்குப் படகு என்றால் தெப்பம்தான். திருமலை சுவாமி புஷ்கரிணியில் பௌர்ணமியோடு முடியும் ஐந்து நாள் தெப்போற்சவம், திருச்சானூர் பத்ம சரோவரத்தில் தாயாருக்குத் தெப்பம். அது நல்ல தண்ணீர்; உற்சவம் முடிந்தால் தெப்பத்துக்கும் ஓய்வு. பழவேற்காடு அப்படியில்லை. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வங்கக் கடலுக்கும் அதற்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் வந்து கலந்தால் தண்ணீர் உப்புக் குறைந்து போகும். கோடையில் வெயில் உறிஞ்ச உறிஞ்ச, சில இடங்களில் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதையும் தாண்டுகிற தண்ணீர்தான் சித்திரை மாசத்தில் மாப்பிள்ளையின் சீட்டில் தெறிக்கிறது.

தெறித்த தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு எங்கே போகும்? சமையலறை உப்பு ஜாடியை மழைக்காலத்தில் பாருங்கள், கசிந்து கிடக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஏரிக்கரையில் ராத்திரியானால் அந்த அளவு ஈரம் சாதாரணம். அதனால் பகலில் காய்ந்துபோன மாதிரி தெரியும் படகு, ராத்திரி யாரும் தொடாமலே மறுபடி உப்புத் தண்ணீரில் நனைகிறது. மாப்பிள்ளை படகை ஓட்டுவது பகலில் நாலு மணி நேரம். உப்பு ராப்பகலாக வேலை செய்கிறது.

இப்போது ரெக்சின். ரெக்சின் என்பது உண்மையில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன் செயற்கைத் தோலுக்கு வைத்த பெயர். அது துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. இன்றைக்கு நாம் அந்தப் பெயரில் வாங்குவது வினைல், அதாவது பி.வி.சி. வீட்டுக்குத் தண்ணீர் வருகிற குழாயும் அதே பி.வி.சி.தான். குழாய் விறைப்பாக இருக்கிறது, சீட் மெத்தென்று இருக்கிறது. எப்படி? 1926இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யை எளிதில் ஆவியாகாத ஒரு திரவத்தில் சூடாக்கிப் பார்த்தார். பசை கிடைக்கவில்லை; வளைகிற, நீளுகிற ஒரு பொருள் கிடைத்தது. அப்படி உள்ளே போய் பிளாஸ்டிக்கை இளக வைக்கிற பொருளுக்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். நான் கடையில் பையன்களுக்கு அதை "ரெக்சினோட எண்ணெய்ப்பசை" என்று சொல்லிக்கொடுப்பேன்.

இந்த எண்ணெய்ப்பசை பி.வி.சி.யோடு ஊறி நிற்கிறதே தவிர, கட்டிப்போடப்படவில்லை. வெயிலும் சூடும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். அது போகப் போக ரெக்சின் குழாயாக மாறப் பார்க்கும்: விறைக்கும், பிறகு மடிப்பில் வெடிக்கும். அந்தப் போக்கைத் தாமதப்படுத்தத்தான் நல்ல ரெக்சினின் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிசு. நாம் காப்பாற்ற வேண்டியது அந்தத் தோலைத்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழில் பழகிய காலத்தில் ஒரு காரின் வெள்ளை சீட்டில் பேனா மைக் கறை. தின்னரைத் துணியில் நனைத்து ஒரு இழு இழுத்தேன். மை போனது, சீட் புதுசு மாதிரி மினுங்கியது, முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த கோடையில் அந்தக் கார் திரும்பி வந்தபோது, என் கை போன வழியிலேயே, விசிறி வடிவத்தில் அந்த இடம் மட்டும் வெடித்திருந்தது. தின்னர் மையை மட்டும் கரைக்கவில்லை. மேல்பூச்சையும் கரைத்து, உள்ளே இருந்த எண்ணெய்ப்பசையையும் உருவிக்கொண்டு போயிருக்கிறது. பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் இதே ரகம்தான். மேஜிக் ஸ்பான்ஜ் என்று விற்கிறார்களே, வெள்ளையாக, அது தொட மெதுவாக இருந்தாலும் மிக நுண்ணிய உப்புத்தாள் போலத்தான் வேலை செய்கிறது. தினமும் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

மாப்பிள்ளையின் குஷன்களில் முதுகு சாயும் இடத்தில் மஞ்சளாக வட்டம் வட்டமாக இருந்தது. "இது என்ன கறைன்னே தெரியல மாமா" என்றார். திருப்பதியில் டாக்ஸி சீட் தைக்கிறவனுக்கு அது தெரியாமல் போகுமா? திருமலையில் முடி காணிக்கை கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, அப்படியே ஏரியைப் பார்க்கப் போகிறார்கள். விற்கிற சந்தனத்தில் மஞ்சள் கலந்திருந்தால் சாய்ந்த இடமெல்லாம் மஞ்சள் முத்திரை. லட்டுப் பையிலிருந்து இறங்கிய நெய்யும் இரண்டு இடத்தில் இருந்தது. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய், வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன், நெய் எல்லாம் ரெக்சினுக்குள் இறங்கக்கூடியவை. அவை உள்ளே போக, எண்ணெய்ப்பசை வெளியே வரும். முதலில் அந்த இடம் பிசுபிசுக்கும், பிறகு விறைக்கும். அதனால் எண்ணெய்க் கறையை அன்றைக்கே கழுவ வேண்டும். மஞ்சளுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது: மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. சோப்பு போட்டுக் கழுவி, ஒரு மத்தியானம் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் மங்கிவிடும். ஒரு மத்தியானம் போதும். மறந்துபோய் ஒரு வாரம் போட்டுவிட்டால் கறையோடு ரெக்சினும் போய்விடும்.

கழுவும் முறை சின்னது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன். மெதுவான பிரஷ். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மணலே உப்புத்தாளாகிவிடும். பிறகு சோப்புத் தண்ணீர், தையல் ஓரங்களில் பிரஷ், மறுபடி நல்ல தண்ணீர், கடைசியில் உலர்ந்த துணி. அங்கங்கே கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். பிளீச்சிங் வேண்டாம், பூச்சையும் தையல் நூலையும் தின்றுவிடும். முக்கியமாக, பிளீச்சிங்கையும் வினிகரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஆறாவது குஷனில்தான் பிரச்சினை. நடுவில் பீட்ரூட் சாறு கொட்டின மாதிரி ஒரு திட்டு. மாப்பிள்ளை வீட்டில் ஒரு பிரஷ் தேய்மானம் ஆகும்வரை தேய்த்திருக்கிறார்கள். போகவில்லை. போகாது. உள்ளே ஈரமாகக் கிடக்கும் துணியிலும் ஃபோமிலும் ஒரு வகை நுண்ணுயிர் வளர்ந்து ரோஸ் நிறச் சாயம் ஒன்றை உண்டாக்கும். அந்தச் சாயம் ரெக்சினின் எண்ணெய்ப்பசையில் கரைந்து கீழிருந்து மேலே ஏறி வருகிறது. மேலே தேய்த்து என்ன பயன்? அந்தக் குஷனை அவர் கண்முன்னே பிரித்தேன். ஃபோமைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ப்ளைவுட் ஓரம் கறுத்திருந்தது. ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து, இழுத்தால் பொடியாக வந்தன.

"மேல ரெக்சின் இருக்கு, தண்ணி எப்படி மாமா உள்ள போச்சு?"

தையல் வழியாகத்தான். நாலு மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்று வைத்தால் ஒரு மீட்டரில் 250 ஊசித் துளை. உட்காரும்போது ஃபோம் அமுங்கிக் காற்றை வெளியே தள்ளும்; எழுந்ததும் உறிஞ்சும், காற்றோடு தண்ணீரையும். ஆகவே தண்ணீர் போகாத குஷன் தைக்க முடியாது. போன தண்ணீர் வெளியே வரும்படிதான் தைக்க வேண்டும். அடிப்பக்கம் வலைத்துணி, ப்ளைவுட்டில் ஓட்டை, எஸ்.எஸ். பின், பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். தைத்த பிறகு அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ராத்திரி குஷனைப் படுக்க வைக்காமல் சுவரோரம் நிறுத்தி வைப்பது. மேலே பிளாஸ்டிக் தார்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே பூஞ்சைக்கு நாமே கூடாரம் போட்டுக் கொடுத்த மாதிரி. காற்றுப் போகிற துணி உறை போதும். டேஷ்போர்டு பாலிஷ் அடித்துப் பளபளவென்று வைக்கிறார்கள் சிலர். ஆடுகிற படகில் வழுக்குகிற சீட் எதற்கு? புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று போட்டு, மினுக்கம் தராத, தண்ணீர் கலந்த ரகம் கிடைத்தால் மாசம் ஒரு தடவை தடவலாம். அதையும் தாண்டிய காப்பு நிழல்தான்.

இரண்டாவது டீ வந்தது. மாப்பிள்ளை வளைந்த பைப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்மேல் காவியும் பழுப்புமாக ஒரு படலம், நடுவில் கறுத்த சின்னப் புள்ளிகள்.

"எஸ்.எஸ்.னு சொல்லித்தான் வித்தாங்க. துருப்பிடிக்குதே?"

அந்தப் படலத்துக்கு என்ன பெயர் தெரியுமா? வெளிநாட்டில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அதை டீக்கறை என்றே சொல்கிறார்கள். கடலோரத்தில் எவர்சில்வர்மேல் படியும் பழுப்பு நிறம், டீ கொட்டிக் காய்ந்த மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அவர் கையிலிருந்த கிளாஸையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தால் அது எவர்சில்வர். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் விரிக்கிறது. சில நானோமீட்டர்தான் கனம். கீறினாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்ளும். ரெக்சினுக்கு மேல்பூச்சு எப்படியோ, எவர்சில்வருக்கு இந்தப் படலம் அப்படி. ஒரே வித்தியாசம், ரெக்சினுக்குத் தோல் ஒருமுறைதான். எவர்சில்வருக்கு மறுபடி வளரும், காற்றும் சுத்தமும் இருந்தால். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கிறது. வாஷருக்கு அடியில், ஸ்க்ரூ தலைக்குக் கீழே, கயிறு சுற்றியே கிடக்கும் இடத்தில் காற்றுப் போகாது. படலம் திரும்ப வளராது. அதனால்தான் பைப் பளபளவென்று இருக்கும்போதே போல்ட் உள்ளே அரித்திருக்கும்.

"மேக்னட் வச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன் மாமா, ஒட்டவே இல்ல."

இந்த மேக்னட் சோதனையை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. 202, 304, 316 என்று மூன்று ரகம் பைப் கடையில் பேசப்படும். மூன்றிலுமே மேக்னட் சரியாக ஒட்டாது. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருக்கும், விலை குறைவு, வீட்டு மாடிப்படிக்குப் பரவாயில்லை. 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்புக்கு எதிராகப் படலத்தைத் தாங்கிப்பிடிப்பது இந்த மாலிப்டினம்தான். படகுக்கு 316 என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். மேக்னட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அவர் செய்த வைத்தியத்தைக் கேட்டேன். பழுப்பு தெரிந்ததும் இரும்பு நாரால் தேய்த்திருக்கிறார். நாரின் துகள்கள் பைப்பில் ஒட்டிக்கொண்டு தாங்கள் முதலில் துருப்பிடித்தன. கீறல்களில் உப்பு குடியேறியது. அது போகவில்லையென்று பாத்ரூம் ஆசிட் ஊற்றியிருக்கிறார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்தக் குளோரைடிடமிருந்து பைப்பைக் காப்பாற்ற வேண்டுமோ, அதையே பாட்டிலோடு கவிழ்த்தது மாதிரி. கறுத்த புள்ளிகள் அப்படி வந்தவைதான்.

கடையிலேயே செய்து காட்டினேன். சிட்ரிக் ஆசிட் மளிகைக் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கரைத்து, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பைப்பில் சுற்றி அரைமணி நேரம் விட்டேன். பிரித்து, நைலான் ஸ்க்ரப்பரால் பைப்பின் கோடு போகும் திசையிலேயே தேய்த்தேன். துணி காவிநிறமாக வந்தது, பைப் வெளுத்தது. இந்த அமிலம் மேலே ஒட்டிய இரும்புத் துகளைக் கரைத்துவிட்டுக் குரோமியத்தை விட்டுவைக்கும். பிறகு நிறையத் தண்ணீரில் அலசி, துடைத்து, காற்றில் வைத்தேன். குழி விழுந்த புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன. போன உலோகம் வராது. ஆனால் எடைக்குப் போட வேண்டிய பைப் இல்லை அது.

சாக்கில் இருந்த மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அலுமினியத் தகட்டில் பித்தளை ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூ நன்றாக இருந்தது, சுற்றிலும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி, பலவீனமானது கரையும். நடுவில் நைலான் வாஷர் போட்டால் சண்டை தீரும். இதே சண்டையை நமக்குச் சாதகமாகத் திருப்பியவர் ஹம்ப்ரி டேவி. 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடு அரிக்காமல் இருக்க, துத்தநாகமோ இரும்போ ஒரு துண்டைப் பக்கத்தில் பொருத்தச் சொன்னார். துண்டு கரையும், தகடு தப்பும். அவுட்போர்டு மோட்டாரின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருக்குமே, அது இந்தத் துண்டுதான். மாப்பிள்ளை அதற்கும் அழகாக நீலப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். பெயின்ட் அடித்தால் அது கரையாது, மோட்டார் கரையும். பாதி தேய்ந்ததும் மாற்ற வேண்டிய பொருள் அது. அலங்காரப் பொருள் இல்லை.

பித்தளை மணி ஒன்றும் இருந்தது. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் வீட்டிலேயே தெரியும்: புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பச்சைக் களிம்பைக் கரைக்கும். நன்றாக அலசாமல் விட்டால் மறுநாளே கறுக்கும் என்பதும் வீட்டில் தெரியும். பித்தளை விளக்கைத் தேய்த்த கை, விபூதியால் துடைத்து முடித்த கை, எவர்சில்வர் என்றதும் மட்டும் ஏன் இரும்பு நாரைத் தேடுகிறது?

கிளம்பும்போது கேட்டார்: "இவ்வளவும் தினமும் செய்ய முடியுமா மாமா?"

தினமும் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. கரைக்கு வந்ததும் சீட், பைப், போல்ட் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் ஊற்றி, துடைத்து, குஷனை நிறுத்தி வைப்பது. சோப்பு வாரம் ஒரு தடவை. சிட்ரிக் ஆசிட் பழுப்பு தெரிந்தால் மட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை எல்லா போல்ட்டையும் கழற்றிப் பார்த்து மாட்டுவது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏரிக்கரையில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். உப்பை உப்பால் கழுவ முடியாது. கடைசி அலசலுக்கு ஒரு குடம் குடிதண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். போதுமா என்று சந்தேகம் வந்தால், துடைத்த பைப்பை விரலால் தடவி நாக்கில் வையுங்கள்.

ஒரு குஷனுக்கு மட்டும் கூலி வாங்கினேன். கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். போன வெள்ளிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. விஷயம் என்ன என்று கேட்பதற்குள் சொன்னார்: "மாமா, பைப்பு இன்னிக்குச் சப்புன்னு இருக்கு."